செல்வி எதிர்த்துப் பேசிவிட்டாள்

கார்த்திகை, செவ்வாய் இரவு. மாரெட்பள்ளி, ஹைதராபாத்.

ஊரிலிருந்து செல்வியின் வீட்டுக்காரர் போனில் கூப்பிட்டார். செல்வி என் தங்கை. கடலோர வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதால் கவுன்சிலர் ஆனவள். மாநகராட்சிக் கூட்டத்தில் அவள் உட்காருவாள். மற்றபடி எல்லாம் அவர்தான். மீன் விற்கும் பெண்களைக் கடற்கரைச் சாலையிலிருந்து அப்புறப்படுத்தும் தீர்மானத்துக்கு அவள் கை தூக்குவாள் என்று கட்சியில் வாக்குக் கொடுத்திருந்தாராம். இன்று எழுந்து நின்று எதிர்த்துப் பேசிவிட்டாள்.

"மதினி, நீங்க சொன்னாதான் கேப்பா. கட்சியில மன்னிப்புக் கேக்கச் சொல்லுங்க. இல்லன்னா வீட்டுப் படி ஏற வேண்டாம்னுட்டேன்."

உடனே செல்வியை அழைத்தேன். மீன் விற்கும் ஒரு பெண்ணின் வீட்டில் இருந்தாள்.

"எனக்கு ஓட்டுப் போட்டவங்க வெளிய நிக்காங்க. உள்ள எப்படிக்கா கை தூக்குவேன்?"

மன்னிப்புக் கேள் என்று சொல்ல வாய் வரவில்லை. கேட்காதே என்று சொல்லவும் பயம். சாப்பிட்டாயா என்று கேட்டேன். பிறகு, "கொஞ்ச நாள் ஹைதராபாத் வந்து எங்கூட இரு" என்றேன்.

"நான் வந்துட்டா அவிய நெனச்சது நடந்துரும்லா?"

இங்கே எங்கள் தெருவுக்குக் கவுன்சிலர் யார் என்றுகூட எனக்குத் தெரியாது. அவளுக்கு என்ன புத்தி சொல்ல?

அவள் வீட்டுக்காரரைத் திரும்ப அழைத்தேன். "அவ பேசினது சரிதான்" என்றேன். போனை வைத்துவிட்டார். விடிந்ததும் ஊருக்கு டிக்கெட் கிடைக்குமா பார்க்க வேண்டும். நான் போய் அவள் பக்கத்தில் நின்றால் அவள் ஊரை விட்டு வர வேண்டியதில்லை.