மஞ்சளான தொட்டி

15-5-1964, வெள்ளி. அமாமித் தீவு, ஜப்பான்.

நாளெல்லாம் பஸ்ஸில் தீவைச் சுற்றிவிட்டு, வேர்வையில் ஊறி விடுதிக்கு வந்தோம். இங்கே வெளியில் தேய்த்துக் குளித்த பிறகுதான் பொது வெந்நீர்த் தொட்டியில் இறங்க வேண்டும். என்னோடு பயிற்சிக்கு வந்திருக்கும் திண்டிவனம் டீச்சர் கஸ்தூரி அக்கா, பாவாடையை மார்பில் ஏற்றிக் கட்டி, பூசிய மஞ்சளோடு நேரே இறங்கிவிட்டார். தண்ணீர் மஞ்சளாகிவிட்டது. விடுதிக்கார அம்மா எல்லாவற்றையும் வடித்துவிட்டார். காத்திருந்த பெண்களெல்லாம் என்னையே பார்த்தார்கள்.

“பி.ஏ. படிச்சவ, நீயே சொல்லிடுடி,” என்றார் அக்கா. குனிந்து குனிந்து கும்பிட்டேன்.

“வெள்ளிக்கிழம மஞ்சப் பூசிக்கினு குளிச்சது ஒரு குத்தமா? எங்க ஊரு கெடார்ல வூட்டுக் கெணத்துல யாரு கேட்டாங்க? சும்மா பேஜாரு பண்றாங்க.”

இன்று இனி வெந்நீர் கிடையாதாம். அக்கா மணக்க மணக்கத் தூங்குகிறார். நான் இன்னும் குளிக்கவில்லை.