டாக்டருக்குப் போகாத கேள்வி

16 மே 2012, புதன். செவன் ஹில்ஸ்.

இன்று ஆஸ்பத்திரியில் ஒரு மருந்து ஆய்வுக்கு மொழிபெயர்க்கப் போனேன். புற்றுநோய் வலிக்கு நாக்குக்குக் கீழே அடிக்கும் ஸ்பிரே. கஞ்சாவில் இருந்து எடுத்தது. டாக்டர் அதை இங்கிலீஷில் ஒளிக்காமல்தான் சொன்னார். கட்டிலில் இருந்தவர் ஊரில் அக்கரைப்பற்று ஆள், என் அப்பாவின் வயது, தலையில் தொழுகைத் தொப்பி. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு கஞ்சா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “ஒரு மூலிகை மருந்து, அங்கிள்” என்றேன்.

“இதுல போதை கீதை ஒண்டும் இல்லத்தானே, மகள்?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை டாக்டரிடம் கொடுப்பதுதான் என் வேலை. “இல்லை அங்கிள்” என்று நானே பதில் சொல்லிவிட்டேன். என்ன கேட்கிறார் என்றார் டாக்டர். வலி குறையுமா என்று கேட்கிறார் என்றேன்.

அங்கிள் பிஸ்மில்லாஹ் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். “நம்மட பாஷை பேசுற புள்ள சொன்னா பயமில்ல. டாக்டருக்கும் சொல்லுங்க” என்றார். அதை மட்டும் ஒரு சொல் பிசகாமல் மொழிபெயர்த்தேன்.

நாளை காலை மருந்து தொடங்குகிறது. அதற்கு முன் போய்ச் சொல்ல வேண்டும். எந்த முகத்தோடு?

சற்று முன் வீட்டுக் குசினிக்குள் அடுப்படியில் நின்று, “அது கஞ்சா, அங்கிள்” என்று சொல்லிப் பார்த்தேன். அறைக்குள் இருந்து என் கணவர், “ஆரோட கதைக்கிறீர்?” என்றார்.

“ஒருத்தரோடையும் இல்லை.”

அந்த ‘இல்லை’யும் தடங்கலில்லாமல் வந்தது.