உனக்கு யார் வாசிப்பது, சுமதி?

என் சுமதிக் கண்ணுக்கு,

உன் போன் என்னிடம்தான் இருக்கிறது. தினமும் சார்ஜ் போடுகிறேன். கேஸ் சிலிண்டருக்கு ஓடிபி அதில்தான் வருகிறது என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அது பொய்யில்லை. ஆனால் அதற்காக மட்டும் இல்லை என்று உனக்குத் தெரியாதா?

அந்தப் போனில், நம் விளையாட்டில் நீ இன்னும் நிற்கிறாய். கடைசிச் சண்டையில் நாம் தோற்று ஒதுங்கினோமே, உடைந்த பாலத்துக்குப் பக்கத்துப் பாறை இடுக்கு, அங்கேயேதான். வயிறு புடைத்த அந்த வீணையைத் தோளில் மாட்டியிருக்கிறாய். தலைக்கு மேலே உயிர்க்கோட்டில் நூல் அளவு சிவப்புதான் மிச்சம். அதைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறேன். மறுநாள் மறுபடியும் திறக்கிறேன்.

புருஷனும் பொண்டாட்டியும் போனில் என்ன விளையாட்டு என்று சொந்தக்காரர்கள் கேலி பேசியது எனக்கும் தெரியும். அவர்களுக்கு என்ன? நான் போர்வெல் வண்டியில் டிரில்லர். வருஷத்தில் பாதி ராஜஸ்தானிலோ மத்தியப் பிரதேசத்திலோ ஏதாவது வறண்ட காட்டில் கிடப்பேன். நீ திருச்செங்கோட்டில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருப்பாய். போனில் பேசினால் எப்படியோ சண்டையில் போய் முடியும். விளையாடினால் நமக்குள் சண்டை வராது. நான் முன்னால் கேடயம் பிடித்து நிற்பேன், நீ பின்னால் நின்று வாசிக்கும் பாணர். திரையில் வரும் சுரத்துக்குத் தகுந்தபடி நீ பொத்தானை அமுக்க அமுக்க என் காயம் ஆறும். வீட்டில் ஒரு பாட்டுகூட முணுமுணுக்காதவள், அங்கே போனால் உன் விரலைப் பிடிக்க முடியாது.

பாணர் வாசிப்பது எல்லாருக்கும் பலிக்கும், வாசிக்கிற பாணருக்கு மட்டும் பலிக்காது. இது என்ன நியாயம் என்று நான் கத்தியபோது, "உங்களுக்கு ஏறுச்சுன்னா போதாதுங்களா?" என்று சிரித்தாய். இப்போது அது எனக்குச் சிரிப்பாக இல்லை.

அந்தக் கடைசிச் சண்டையன்று உனக்குக் காய்ச்சல். "லேசா காச்சலுங்க, மாத்தரை போட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு எனக்கு வாசித்துக்கொண்டே இருந்தாய். விளையாட்டில் உன் பையில் இருந்த மருந்துக் குப்பியையும் எனக்கே கொடுத்தாய். ரத்த அணு ரொம்பக் குறைந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியிலிருந்து உன் அண்ணன் கூப்பிட்டபோதுதான் நான் ரயில் ஏறினேன். வந்து சேர்ந்தபோது நீ இல்லை. ஏன் கண்ணு சொல்லவில்லை? எனக்குக் கோபமாக இருக்கிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

நம்மோடு விளையாடும் வாழப்பாடி மல்லிகாவிடம் உன் உயிர்க்கோட்டை நிரப்ப வழி கேட்டேன். இந்த விளையாட்டில் உயிர் தானாக ஏறாது, நீ ஓர் அடி நகர்ந்தாலும் பூதங்கள் வந்துவிடும். அவள் சட்டென்று சொன்னாள்: "அதுக்கு ஏண்ணா இவ்ளோ யோசிக்கிறீங்க? ஒரு அடி வாங்க வுட்டுடுங்க. செத்துட்டா ஊர்க் கோயில் வாசல்ல முழு உசுரோட எந்திரிச்சிடுவாங்க." சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. "ஐயோ, தப்பா பேசிட்டேண்ணா" என்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

தப்பு ஒன்றும் இல்லை. விளையாட்டின் விதிப்படி அதுதான் சுலபமான வழி. ஆனால் என்னால் முடியுமா? எழுந்து வருவாய் என்று தெரிந்தேகூட, நீ விழுவதை நான் பார்க்க வேண்டுமா? வேறு பாணரைக் கூட்டிவரட்டுமா என்றாள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. பொம்மைக்கு இத்தனை பாடா என்று என்னை நானே திட்டிக்கொண்டு போனை மூடினேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சும்மா கேட்கத் தோன்றி, உன்னை வாசிக்க வைத்தேன். சத்தம் வெளியே போய்விட்டது. வருஷம் திரும்பும்வரை பாட்டுச் சத்தம் கூடாது என்று டிவியையே துணி போட்டு மூடி வைத்திருக்கிற அம்மா, மாவுக் கையோடு வந்து நின்றாள்.

"ஏஞ்சாமி, எழவு உழுந்த ஊட்ல இதென்ன பாட்டு?"

திரையைக் காட்டினேன். குனிந்து பார்த்தாள்.

"ஆரு அந்தப் புள்ள?"

"சுமதிங்கம்மா."

எந்நேரமும் போனை நோண்டுகிறாய் என்று உன்னோடு மல்லுக்கு நின்ற அம்மா, கையைக் கழுவிவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"தலைக்கு மேல செவப்பா இருக்குதே, என்னது அது?"

"உசுருங்கம்மா. கொறஞ்சு கெடக்குது. ஆராச்சும் வாசிச்சா ஏறும். அவ வாசிக்கறது அவளுக்கு ஏறாது."

"அப்ப நீ வாசி."

"நான் கேடயம் புடிக்கறவன். எனக்கு வாசிக்க வராதுங்கம்மா."

"கேடயத்தக் கீழ வெச்சுட்டு வாசி சாமி."

"பாட்டுக் கூடாதுன்னு சொன்னீங்க?"

"சத்தத்தக் கொறச்சு வெச்சுக்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

என் போனில் ஒரு புதுப் பாணரை ஆரம்பித்தேன். புது ஆளுக்கு வீணை கிடையாதாம், மரக்குழல்தான். போர்வெல் ரிக்கில் இரும்பு ராடு மாட்டிப் பழகின விரல். ஒரு பொத்தானை அமுக்கினால் இரண்டு அமுங்குகிறது. நீ இருந்திருந்தால் உன் கேலி ஒரு வாரத்துக்குத் தாங்கியிருக்கும். உன் இடத்துக்கு வரும் வழியெல்லாம் பூதங்கள் என்னை அடித்தே கொன்றன. மல்லிகா துணைக்கு வந்தும் செத்தேன். ஒவ்வொரு முறையும் கோயில் வாசலில் முழு உயிரோடு எழுந்து நின்றேன். எனக்கு மட்டும் இது எதற்கு என்று எரிச்சலாக வந்தது.

நேற்றுச் சாயங்காலம்தான் வந்து சேர்ந்தேன். உன் தையல் மெஷின் மேல் இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். உன் போனில் நீயும், உன் முன்னால் கந்தல் சட்டையோடு நானும் தெரிந்தோம். வாசித்தேன். பாதி சுரம் தப்பு. ஆனாலும் சிவப்பு நகர்ந்தது.

"ஏறுது சாமி, ஏறுது!" என்று அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் அழுதேன், கண்ணு. உனக்காக ஒன்று செய்து, அது பலித்ததை இப்போதுதான் பார்க்கிறேன்.

நிரம்பக் கொஞ்சம்தான் பாக்கி. என் விரல் நின்றுவிட்டது.

"ஏஞ்சாமி நிறுத்திட்ட?"

கை வலிக்கிறது என்றேன். முழுசாக ஏறிவிட்டால் அப்புறம் உனக்கு நான் வாசிக்க என்ன இருக்கிறது என்று அம்மாவிடம் எப்படிச் சொல்வது? உயிர் ஏற வேண்டும் என்று இத்தனை பாடுபட்டவனும் நான்தான், ஏறிவிடுமோ என்று பயப்படுகிறவனும் நான்தான். நீயாவது சொல், இதில் எவன் பேச்சைக் கேட்பது?

வியாழக்கிழமை வண்டி கிளம்புகிறது. மறுபடியும் ராஜஸ்தான்தான். டிரில்லர் இல்லாமல் நிற்கிறது, வரச் சொல்லிவிட்டார்கள். நானும் சரி என்றுவிட்டேன். அதற்குள் மிச்சத்தையும் வாசித்துவிடுவேன், சத்தியம். நிரம்பிய பிறகு உன்னை எங்கே கூட்டிப் போவது, உன் போனை யார் கையில் கொடுப்பது, எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஒன்று மட்டும் தெரியும். குறை உயிரோடு உன்னை விட்டுவிட்டு இன்னொரு முறை வண்டி ஏற மாட்டேன்.

உன் வீட்டுக்காரன்,
செல்வராஜ்