ஓவர்லாக் இன்னும் சாகவில்லை

இயற்பியல் நோட்டின் பழுப்பு அட்டையை இன்றுதான் பிரித்தேன்டா. உள்ளே நம் விளையாட்டின் ஆங்கில விதிப்புத்தகத்து நாற்பத்தொன்றாம் பக்கம் மடித்தபடியே இருந்தது. பிரவுசிங் சென்டர் பிரிண்டர் மையின் வாசம்கூடப் போகவில்லை. நீதான் போய்விட்டாய்.

ஞாயிற்றுக்கிழமை லீவில் நல்லூரில் எங்கள் பனியன் யூனிட்டில் துணி வெட்டும் கட்டிங் டேபிள் நமக்குத்தான். நான் கதை சொல்லிப் பூதங்களை ஏவுவேன். நீ வீரனாக இருந்து சண்டை போடுவாய். வாள்வீச்சு பட்டதா இல்லையா என்பதை இருபது முகப் பகடை சொல்லவேண்டும் என்றது விதி. திருப்பூரில் அதற்கு எங்கே போவது? துணிக்கட்டுக்கு ஒட்டும் நம்பர் ஸ்டிக்கர்களை, ஒன்று முதல் இருபது வரை, அட்டைத் துண்டுகளில் ஒட்டி மஞ்சப் பையில் போட்டுக் குலுக்கினோம். உன் வீரனுக்கு ஓவர்லாக் என்று தையல் மிஷின் பேரை வைத்தேன். அவனுக்குக் கவசம் கேட்டாய்.

"ஊசி ஓட்டை இருக்குதுன்னு வெளிநாட்டுப் பையர் தள்ளிவுட்ட கவசந்தான்டா இருக்குது. போட்டுக்க."

"ஏலே, அந்த ஓட்டை வழியா உன்னயத்தாம்லே குத்துவேன்."

கடைசி ஞாயிறு பஞ்சுப்பூதம் அடித்ததில் ஓவர்லாக்கின் உயிர்ப்புள்ளி பூஜ்யமானது. செத்தான் என்றேன்.

"இல்லலே. பூச்சியம்னா விழுந்துதான் கெடக்கான். பக்கத்துல நிக்கவன் தன் முறைய விட்டுட்டுக் கட்டுப் போட்டா பொழைப்பான். ரூல்ல இருக்கு."

அகராதியை வைத்துக்கொண்டு அந்த ஆங்கிலத்தை வரிவரியாக நீ படித்தது எனக்குத் தெரியும். அதனால்தான் முந்தின நாளே அந்தப் பக்கத்தை உருவி நோட்டு அட்டைக்குள் ஒளித்திருந்தேன். "எங்கடா இருக்குது, காட்டு பாக்கலாம்" என்றேன். நீ புரட்டிப் புரட்டிப் பார்த்தாய். உன் வீரனின் தாளில் பேனாவால் 'காலி' என்று எழுதினேன். சிரிப்பாய் என்று நினைத்தேன். எழுந்து போய்விட்டாய்.

அடுத்த ஞாயிறு பக்கத்தை நீட்டி உன் முழியைப் பார்க்கலாம் என்று திட்டம். புதன்கிழமை உனக்குக் காய்ச்சல் என்றார்கள். நானாக ஆஸ்பத்திரிக்கு வந்தால் தோற்ற மாதிரி ஆகிவிடும் என்று வீட்டிலேயே இருந்தேன். ஞாயிற்றுக்கு முன்னால் வெள்ளி வந்துவிட்டது.

பதினாறாம் நாள் காரியத்தில் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏய்யா, அந்தப் பக்கம் கெடைச்சுட்டா? காய்ச்சல்லயும் அதத்தான் சொல்லிட்டுக் கெடந்தான். 'அவன்ட்டத் தேடச் சொல்லும்மா'ன்னான்."

"இல்லீங்கம்மா" என்றேன். நோட்டு என் தோள்பையில்தான் இருந்தது. நான் சொன்ன பொய்களிலேயே யாருமே சிரிக்காத பொய் அது ஒன்றுதான்.

இன்று படித்துப் பார்த்தேன். நீ சொன்னது அப்படியே இருக்கிறது. 'காலி'யை பிளேடால் சுரண்டினேன், தாள் ஓட்டையாகிவிட்டது. மேலே ஒரு வெள்ளை ஸ்டிக்கரை ஒட்டி, பூஜ்யம் என்று பென்சிலால் எழுதினேன்.

இரண்டு தாளும் சட்டைப்பையில் இருக்கின்றன. உன் தெருமுனைவரை இரண்டுதரம் போய்த் திரும்பிவிட்டேன். உன் அம்மாவிடம் என்ன சொல்லி நீட்டுவது என்று கேட்கவும் நீ இல்லை.

ஓவர்லாக் விழுந்துதான் கிடக்கிறான்டா. பக்கத்தில் நிற்பவன் நான்தான். முறையும் என்னுடையதுதான். கட்டுப் போடத்தான் தெரியவில்லை.