காபி பிஸ்கட்டும் என் வாயும்

என் நஜாத்துக்கு, குவைத்திலிருந்து ஷஹாத்தா சலாம் சொல்லி எழுதுவது. நீயும் பிள்ளைகளும் சுகம்தானே? உன் முட்டிவலி தேவலையா? நான் குத்துக்கல்லாட்டம் இருக்கிறேன்.

ஒரு வெட்கக்கேட்டைச் சொல்கிறேன், சிரிக்காதே. முட்டை அவிக்கத் தெரியாத நான் இன்று பிஸ்கட் சுட்டேன். காபித்தூளும் சாக்லேட்டும் போட்ட அதே பிஸ்கட்.

போன பெருநாளுக்கு நீ ஆசையாகச் சுட்டு அடுக்கியதைப் பார்த்து, உன் அக்கா முன்னால், “காபி வாசம் தூக்குதே, வீட்ல யாரு மவுத்து?” என்று கேட்டேனே. நம் ஊரில் துக்க வீட்டில்தானே கசப்புக் காபி கொடுப்போம்! எல்லோரும் சிரித்தார்கள். நீ மட்டும் தட்டோடு எடுத்துப்போய்க் கோழிகளுக்குக் கொட்டினாய். நான் ஒன்றுகூடத் தின்னவில்லை.

இன்று என் அறைக்காரன் ஜாபிரும் மோந்து பார்த்துவிட்டு, “என்னண்ணே, யாரு போய்ட்டா?” என்றான்.

“வாய மூடிட்டுத் தின்னுடா. என் பொண்டாட்டி பக்குவம்.”

“அவங்க சுட்டதும் இப்படித்தான் இருக்குமா?”

அவன் கையில் இன்னொன்றை வைத்தேன், நஜாத். தின்றிருந்தால்தானே தெரியும்.

இந்தப் பெருநாளைக்கும் அதைச் சுடு. ஊரிலிருந்து வருகிறவர் யாரிடமாவது நாலு கொடுத்துவிடு. காபி எத்தனை கரண்டி என்றும் எழுது. எழுத நேரமில்லை என்றால் போனில் சொல், மெதுவாகவே சொல்.

அவசரமாக முடிக்கிறேன். அடுப்புக் கதவின் கைப்பிடி கழன்று ஜாபிர் கையோடு வந்துவிட்டது. இரண்டாவது தட்டு உள்ளே இருக்கிறது. நாங்கள் வெளியே இருக்கிறோம்.