பியானோவுக்கு அடியில் பூட்ஸ்

என் செல்லமே,

பூட்ஸைத் தேடாதே. நான்தான் எடுத்துக்கொண்டு போகிறேன்.

கன்ட்ரி இசைப் பாடகியான நீ பழைய ஜாஸ் பாட்டுகளில் ஓர் ஆல்பம் போடுகிறாய், சந்தோஷம். அதில் என் ஸ்டீல் கிட்டாருக்கு வேலை இல்லை, அதுவும் சரி. ஸ்டுடியோ கண்ணாடிக்கு இந்தப் பக்கம், சவுண்டுக்காரரோடு உட்கார்ந்து கேட்கத்தான் வந்தேன்.

"குதிகால் தட்டுறது மைக்ல விழுது, பூட்ஸைக் கழட்டிடேன்" என்றான் பியானோக்கார எல்வுட். நீயும் சிரித்துக்கொண்டே கழற்றி, அவன் காலடியில் வைத்தாய். நாஷ்வில் மேடைகளில் இத்தனை வருடமும் அந்தத் தட்டலை வைத்துத்தானே உன் பின்னால் வாசித்த நாங்கள் எல்லோரும் தாளம் பிடித்தோம்!

அவன் உன் மூச்சுக்குக் காத்திருந்து வாசிக்கிறான். நன்றாகத்தான் வாசிக்கிறான், பாழாய்ப்போனவன்.

பாட்டு முடிந்ததும் அவனிடம் மெதுவாக ஒன்று சொன்னாயே: "இப்பதான்யா எனக்கு மூச்சு விட எடம் கெடைச்சிருக்கு." மைக் திறந்தே இருந்தது. இங்கே ஸ்பீக்கரில் எல்லோரும் கேட்டோம். சவுண்டுக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் காபி எடுக்கப் போய்விட்டார்.

அவன் காரிலேயே வந்து இறங்கு. நம் வாசல் சரளைக்கல் வெறுங்காலில் குத்தும். குத்தட்டும்.

அவன் கை நீட்டுவதற்குள் நான் வந்து உன்னைத் தூக்கிக்கொள்கிறேன்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கத்திலிருந்து,
உன் புருஷன்