குறட்டை நின்றால் விழிக்கிறவள்

மகன் வீட்டிலேயே குடியேறிவிட்ட என் வீட்டுக்காரிக்கு,

பேரனைக் குளிப்பாட்டப் பெங்களூர் போனாய். அவன் இப்போது நடக்கிறானாமே! சரி, அதைக் கேட்க இதை எழுதவில்லை.

தூக்கக் கோளாறையும் இதயத்தையும் ஆராயும் என் மாணவி இளவரசியோடு பிள்ளையார்பாளையம் போயிருந்தேன். குறட்டையைப் பற்றிப் பக்கத்தில் படுப்பவரிடம்தான் கேட்க வேண்டும் என்று பெரிய வாத்தியாராகச் சொல்லிக் கொடுத்திருந்தேன். அவளும் நெசவாளி தேவேந்திரனின் மனைவியைக் கேட்டாள்.

“இவரு குறட்டைல நான் நல்லாத் தூங்குவேம்மா. அது திடீர்னு நின்னாத்தான் முழிச்சுக்கினு, மூச்சு வருதான்னு உலுக்கிப் பார்ப்பேன்.”

தறியிலிருந்த மனுஷன் இழை அறுந்ததுபோல் குனிந்துகொண்டார்.

வெளியே வந்ததும் இளவரசி, “உங்களுக்கும் மூச்சு நிக்குதா சார்? மேடத்தைக் கேட்டுச் சொல்லுங்க” என்றாள். மீட்டிங்கில் நான் தூங்கிச் சாமியாடுவதைப் பார்த்திருக்கிறாள், பொல்லாத பெண்.

தூக்கத்தில் மூச்சை அளக்கும் அவளுடைய மிஷினை மாட்டிக்கொள்ளலாம்தான். மூச்சு நின்றால் அது குறித்துக்கொள்ளும், உலுக்காது.

பதிலைப் போனில் சொல்லிவிடாதே. உனக்குத் தெரிந்ததெல்லாம் பழைய குறட்டை. இப்போதைய நிலவரத்தைப் பக்கத்தில் படுத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இப்படிக்கு,
கட்டிலில் இன்னும் சுவரோரமாகவே படுக்கிறவன்